பறக்க வைக்கப்பட்ட ஆந்தை

பறக்கும் ஆந்தையின் படத்தைப் பார்த்ததும் பலரும் கேட்பது எந்த கேமரா, எந்த லென்ஸ் என்றுதான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் எடிட் செய்ததா என்று கேட்பார்கள். அது ஏன் பறந்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. படத்தின் நியாய அநியாயத்தைப் பேச வேண்டுமானால் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

புதுச்சேரியில் ஆந்தை பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. பொந்து விழுந்த பழைய மரம் ஒன்று மிஞ்சியிருந்தால் புள்ளி ஆந்தைக்குப் போதும். ஆள் புழங்காத மாடியும் காரை பெயர்ந்த சுவரில் ஒரு துளையும் இருந்தால் கூகை குடிவந்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் இந்த ஊரின் பெரிய மரங்களை வேரோடு சாய்த்தது. பழைய வீடுகளும் இடிந்தும் இடிக்கப்பட்டும் குறைந்து வருகின்றன. அதனால் மிஞ்சிய பொந்துகள் எங்கே என்பது பறவை பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எல்லாம் கூப்பிடு தூரம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு லென்ஸை நீட்டிவிடலாம்.

பறக்கும் ஆந்தையைப் படமெடுப்பது உண்மையிலேயே கடினமான வேலை. பொழுது சாய்ந்த பிறகுதான் அது இரைதேடக் கிளம்பும். இறக்கையின் அசைவு கலங்காமல் விழ வேண்டுமென்றால் ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்து வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை 6400, 12800 என்று ஏற்றினால்தான் ஏதாவது பதிவாகும். பதிவாவதும் மணல் தூவியதுபோல் இருக்கும். சத்தத்தை வைத்துப் பிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கூகையின் இறகில் முன்விளிம்பு பல்பல்லாக இருக்கும், பின்விளிம்பு இழைஇழையாகப் பிரிந்திருக்கும், மேற்பரப்பு முழுக்க மெல்லிய ரோமம். காற்று அதன் மேல் ஓசையெழுப்பாமல் நழுவிவிடுகிறது. கிளம்பியது தெரிவதற்குள் கடந்து போயிருக்கும்.

ஆகவே குறுக்குவழிகள் பிறந்தன. அவற்றில் மிகச் சுலபமானது பகலிலேயே கிளப்பிவிடுவது. காலை வெயிலில் பொந்துவாயில் உட்கார்ந்திருக்கும் புள்ளி ஆந்தை, ஆள் நெருங்கினால் முதலில் தலையை மேலும் கீழும் ஆட்டும். மஞ்சள் கண்ணை வட்டமாக விரித்து உற்றுப் பார்க்கும். அந்தத் தலையாட்டல் அதன் பதற்றம். பார்க்கிறவர்களுக்கோ அது வேடிக்கை. ஒருவர் கையைத் தட்டுகிறார், அல்லது அடிமரத்தில் ஒரு கல்லை எறிகிறார். எதிரே இன்னொருவர் தயாராக நிற்கிறார். நல்ல வெளிச்சம், கூர்மையான இறகு, விரிந்த சிறகு. படத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. படச் சட்டத்துக்கு வெளியே நடப்பது வேறு. பட்டப்பகலில் வெளியே வந்த ஆந்தையைக் காகம் கண்டுவிட்டால் விடாது. ஒன்று கரைந்தால் பத்து வரும், கரிச்சானும் சேர்ந்துகொள்ளும். அது முட்டை வைத்திருக்கும் காலமென்றால் பொந்துக்குள் சூடு தணிந்துகொண்டிருக்கும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தைப் படமெடுப்பவர்கள் ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும். கொல்வதும் பிடிப்பதும் மட்டும் அதில் இல்லை. விரட்டுவதும், இரைவைத்து ஈர்ப்பதும், பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அதில் அடக்கம். கடையில் வாங்கிய வெள்ளெலியை வெட்டவெளியில் விட்டு ஆந்தையை லென்ஸை நோக்கி வரவழைக்கும் பழக்கம் வட அமெரிக்காவில் பல காலமாகப் பெரிய சர்ச்சை. சாலையோரத்தில் ஆளைக் கண்டால் இரை கிடைக்கும் என்று பழகிவிட்ட ஆந்தை வண்டியில் அடிபடுகிறது. அங்கே பண்பாடு பற்றிய விவாதமாக நடப்பது இங்கே சட்டத்தின் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. கூட்டை நெருங்குவது ஆந்தைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எரிக் ஹோஸ்கிங்கைவிட அறிந்தவர் இருக்க முடியாது. 1937இல் கூட்டருகே படமெடுக்கப் போன அந்த ஆங்கிலேயப் பறவைப்படக் கலைஞரின் இடக்கண்ணை ஓர் ஆந்தை பறித்தது.

இனி எடிட்டுக்கு வரலாம். இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிகளைக் குறைப்பது, வெளிறிப்போன கூகையின் வயிற்று வெண்மையை மீட்பது, ஓரத்தை வெட்டுவது ஆகியவற்றில் குற்றம் காண முடியாது. கேமராவும் மனிதக் கண் காண்பதை அப்படியே எழுதுவதில்லை. கோடு தொடங்கும் இடம் அதற்கு அடுத்தது. செயற்கை நுண்ணறிவு கொண்டு புள்ளிகளைத் துடைக்கும் மென்பொருள் சில நேரம் இல்லாத இறகு வரிகளைத் தானாக வரைந்துவிடுகிறது. படச் சட்டத்துக்கு வெளியே போன சிறகு நுனியை நிரப்பிக்கொடுக்கிறது. அங்கே படம் பதிவு என்ற நிலையிலிருந்து இறங்கி ஓவியமாகிறது. ஓவியம் தாழ்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஓவியம் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. அமர்ந்திருந்த ஆந்தையைத் தொலைவிலிருந்து எடுத்து, கணினியில் சிறகு விரித்து, நிலவு ஒட்டிய படம் ஒன்று. கல்லெறிந்து கிளப்பி, எதையும் மாற்றாமல் தந்த படம் இன்னொன்று. எது பெரிய தவறு? போட்டிகளின் விதிப்புத்தகம் முதலாவதைத் தள்ளிவிடும். இரண்டாவதை, கல்லெறிந்தது தெரியாதவரை, ஏற்றுக்கொள்ளும். பறவையின் பக்கம் நின்று பார்த்தால் தீர்ப்பு தலைகீழாக வேண்டும். பொய்ப்படம் ஆந்தையின் ஓர் இறகையும் அசைக்கவில்லை. ஆனால் அதற்காகப் பொய்ப்படத்தை விட்டுவிடவும் முடியாது. உண்மை என்ற பெயரில் சுற்றும் ஒவ்வொரு அற்புதப் படமும் அடுத்தவர் எட்ட வேண்டிய அளவை உயர்த்துகிறது. அதைப் பார்த்து ஏங்கும் இளைஞர் பொறுமையாகக் காத்திருந்து அப்படி ஒன்று கிடைக்காதபோது கல்லை எடுக்கிறார்.

மூலக் கோப்பைக் காட்டினால் நேர்மை நிரூபணமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டியின் வரலாறு அதை மறுக்கிறது. 2009இல் முதல் பரிசு பெற்ற, வேலியைத் தாண்டும் ஓநாயின் படம் அடுத்த ஆண்டே விலக்கப்பட்டது. அது பழக்கப்பட்ட விலங்காகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். 2017இல் பரிசு பெற்ற எறும்புத்தின்னிப் படம் 2018இல் விலக்கப்பட்டது. அது பாடம் செய்யப்பட்ட உடல் என்பது வல்லுநர்களின் கருத்து. எடுத்த இருவருமே மறுத்தார்கள். கவனிக்க வேண்டியது, இரண்டிலும் ஐயம் எடிட் பற்றியதே அல்ல. ஓநாயும் எறும்புத்தின்னியும் கேமரா முன்னால் எப்படி வந்தன என்பதே கேள்வி. மூலக் கோப்பில் அதற்குப் பதில் இருக்காது.

படம் சாட்சியாக இருப்பதன் மதிப்பைப் புதுச்சேரிக்கு வெளியூரார் சொல்லித்தர வேண்டியதில்லை. செயின்ட் லூயி தெருவில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் கோயில்களையும் சிலைகளையும் பதிவுசெய்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து கடத்தப்பட்டு ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்குப் போன நடராஜர் 2014இல் திரும்பி வந்ததற்கு அந்தத் தொகுப்பின் படம் முக்கியச் சான்று. அதை எடுத்தவர் அழகு கருதி ஒரு தேய்மானத்தையோ சிறு சிதைவையோ துடைத்திருந்தால் சான்று என்ற பலமே போயிருக்கும். அன்று முக்கியமில்லாததாகத் தோன்றிய விவரம்தான் பின்னாளில் பேசியது.

ஊர் ஆந்தைப் படங்களில் முதலில் அழிக்கப்படுவது மின்கம்பியும் கேபிள் ஒயரும்தான். பிறகு சுவர், தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு விளக்கு. கடைசியில் மிஞ்சுவது எங்கோ நடுக்காட்டில் பறக்கும் ஒரு பறவை. கண்ணை உறுத்தும் ஒரு கம்பியை எடுப்பது அற்ப விஷயமாகத் தோன்றும். ஆனால் ஆந்தை காட்டில் வாழ்வது என்று படங்கள் ஒருமுகமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், தெருமுனை மரத்தை வெட்டும்போதும் பழைய வீட்டை இடிக்கும்போதும் உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்க்க எவருக்கும் தோன்றாது. கம்பியோடு இருக்கும் படமே இந்த ஊர்க் கூகையின் குடியிருப்புச் சான்றிதழ். கண்களை நெருப்பாக ஒளிரவிட்டு, நீல இருள் பூசிப் பேய்ப்படம் ஆக்குகிறவர்களிடம் இன்னும் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது. ஆந்தை அலறினால் சாவு விழும் என்று நம்பி அதை அடித்துத் துரத்தும் மண் இது. அந்தப் பயத்துக்குச் சாயம் ஏற்றுவது கலை ஆகாது.

அப்படியானால் படத்தின் கீழே என்ன எழுத வேண்டும்? எந்த நேரம், தானாகப் பறந்ததா, ஒலிப்பதிவு போட்டு அழைத்ததா, காயம் ஆறி விடுவிக்கப்பட்டபோது எடுத்ததா, எவை நீக்கப்பட்டன, எவை சேர்க்கப்பட்டன என இரண்டு வரியில் முடிந்துவிடும். இடம் மட்டும் அதில் வரக் கூடாது. இவ்வளவு வெளிப்படை கேட்டுவிட்டு இடத்தை மறைக்கச் சொல்வது முரணல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். இந்தியாவில் மாந்திரீகத்துக்காகவும் தீபாவளிப் பூசைக்காகவும் ஆந்தைகள் பிடித்து விற்கப்படுவதை காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010இல் வெளியிட்ட அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. இங்குள்ள ஏறத்தாழ 30 ஆந்தை இனங்களில் பாதி அந்தச் சந்தையில் காணப்பட்டன. பார்ப்பவருக்குப் படம் எப்படி வந்தது என்று அறியும் உரிமை உண்டு. பொந்து எங்கே என்று அறியும் உரிமை கிடையாது. கோப்புக்குள் கேமராவோ கைப்பேசியோ தானாகப் பதிந்துவைக்கும் ஜிபிஎஸ் குறிப்பு ஒன்று இருக்கும். படத்தைப் பகிரும் முன் தயங்காமல் அழிக்க வேண்டியது அதைத்தான்.