திருத்தும் உரிமை

சோமனூரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழ்வோர்க்கு விசைத்தறியின் ஓசை மூச்சைப் போன்றது. ஓடுகையில் அது காதில் விழுவதில்லை, நின்றால்தான் தெரிகிறது. குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்துவிட்டால் தறி தானே நின்றுவிடும்படி முள்கரண்டி போன்ற ஒரு சிறு கருவி அதில் பொருத்தப்பட்டிருக்கிறது. நூலின்றி நாடா வெறுமனே ஓடினால் துணி கெட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆயினும், அறுந்த நூலைச் சரிசெய்யத் தறிக்குத் தெரியாது. அதற்கு ஓர் ஆள் வந்து சேர வேண்டும். அவர் வரும்வரை தறி நிற்கும். நெய்த அளவுக்கே கூலி என்றிருக்கும் இடத்தில், தறி நிற்கும் நேரமெல்லாம் ஒருவருடைய சோற்றிலிருந்து கழிகின்ற நேரம்.

பிழையை உணர்வது ஒன்று. பிழையைத் திருத்துவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவைக் கடக்க முயன்றதிலிருந்தே இக்காலச் செய்தித் தொடர்பின் அடிப்படையான ஒரு கலை பிறந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1947-ஆம் ஆண்டளவில் ரிச்சர்டு ஹேமிங் என்ற கணித அறிஞர் தம் கணக்குகளை வார இறுதியில் கணினியிடம் ஒப்படைத்துச் செல்வது வழக்கம். கணக்கில் பிழை நேர்ந்தால் அந்த இயந்திரம் அதை உணர்ந்துகொள்ளும். வேலை நாளாயின் அருகிலிருக்கும் பணியாளர் சரிசெய்வர். வார இறுதியில் ஆள் இல்லை. எனவே இயந்திரம் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். இருமுறை இவ்வாறு ஏமாந்த ஹேமிங், பிழை இருப்பதைக் கண்டுபிடிக்க வல்ல இயந்திரம் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டு தானே திருத்திக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். அவர் கண்ட விடை 1950-இல் அச்சேறியது.

அதன் அழகை வாசகர்கள் சிறிது பொறுமையோடு கேட்கலாம். கணினிக்குப் பூச்சியம், ஒன்று என்னும் இரண்டு இலக்கங்களே உள்ளன. நான்கு இலக்கச் செய்தி ஒன்றை அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் மும்முறை சொன்னால் ஒரு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பன்னிரண்டு இலக்கங்கள் செலவாகும். ஹேமிங் ஏழே இலக்கங்களில் அதை முடித்தார். 3, 5, 6, 7 ஆகிய இடங்களில் செய்தி. 1, 2, 4 ஆகிய இடங்களில் காவலர் மூவர். முதற்காவலர் 1, 3, 5, 7 ஆகிய இடங்களையும், இரண்டாமவர் 2, 3, 6, 7 ஆகியவற்றையும், நான்காம் இடத்தவர் 4, 5, 6, 7 ஆகியவற்றையும் பார்த்துக்கொள்வார். தம் பொறுப்பிலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பதே ஒவ்வொருவருக்கும் இட்ட விதி. வழியில் ஐந்தாம் இலக்கம் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதற்காவலரும் நான்காம் இடத்தவரும் முறையிடுவர், இரண்டாமவர் வாளாவிருப்பார். ஒன்றையும் நான்கையும் கூட்டினால் ஐந்து. பிழையின் முகவரி கிடைத்துவிட்டது! ஐந்தாம் இலக்கத்தை மாற்றினால் செய்தி நலம் பெறுகிறது.

இந்தக் கலையில் நம் நாட்டவர்க்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் மகலனோபிசுடன் பணியாற்றி, வேளாண் சோதனைகளை வகுக்கும் கணிதத்தில் தேர்ந்து, 1949-இல் அமெரிக்கா சென்ற ராஜ் சந்திர போசும், அவருடைய மாணவர் ரே-சௌதுரியும், ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகளைத் திருத்தும் குறிமுறை ஒன்றை 1960-இல் வெளியிட்டனர். பிரான்சின் ஒக்கங்கெம் 1959-இலேயே தனித்து அதைக் கண்டிருந்தார். மூவர் பெயரின் முதலெழுத்துகளால் அது இன்று பி.சி.எச். எனப்படுகிறது. இது ஏட்டுக் கணிதம் என்று எண்ணிவிட வேண்டாம். சோமனூர்த் தேநீர்க் கடையில் பணம் செலுத்துவதற்காக ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைச் சதுரமான க்யூ.ஆர். குறியை நினைத்துப் பாருங்கள். அதன் மூலைக் கட்டங்களை ஒட்டிப் பதினைந்து இலக்கக் குறிப்பு ஒன்று உண்டு. அதில் செய்தி ஐந்தே இலக்கம். மீதிப் பத்தும் இம்மூவர் முறையில் அமைந்த காவல். மூன்று இலக்கங்கள் வரை கெட்டாலும் குறிப்பு பிழைக்கும். மற்றப் பகுதியைக் காப்பது 1960-இல் ரீடும் சாலமனும் வகுத்த முறை. மிக உயர்ந்த காப்பு நிலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் செய்தி மீளும். சதுரத்தின் நடுவே நிறுவனத்தின் முத்திரையைத் துணிந்து பதிப்பது இந்தத் தைரியத்தினால்தான்.

இவையெல்லாம் எதனால் கைகூடுகின்றன? சரியான சொற்கள் ஒன்றுக்கொன்று போதிய தொலைவில் வைக்கப்பட்டிருப்பதால். தறிக்கூடத்தின் இரைச்சலில் 'இருபது' என்று கூவினால் 'அறுபது' என்று கேட்கக்கூடும். இரண்டும் அவ்வளவு அருகில் இருக்கின்றன. ஹேமிங்கின் முறையில் எந்த இரு சொற்களும் குறைந்தது மூன்று இடங்களிலாவது வேறுபடும். எனவே ஒரு பிழையோடு வரும் சொல், தன் வீட்டுக்கு ஓரடி தொலைவிலும் அயல் வீட்டுக்குக் குறைந்தது ஈரடி தொலைவிலும் நிற்கிறது. மிக அருகில் உள்ள வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதே குறிநீக்கம் எனப்படும் வேலை.

நம் மொழிக்கு இது புதிதன்று. பண்டைய வழக்கில் எகர ஒகரங்களின் குறிலைப் புள்ளி இட்டு நெடிலினின்றும் பிரித்தனர். ஓலையில் எழுதுவோர் புள்ளியை விட்டுவிட, 'பெறு' என்பதும் 'பேறு' என்பதும் ஒரே வடிவாயின. பதினெட்டாம் நூற்றாண்டில் நம் மண்ணில் பணியாற்றிய வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் தந்து அக்குழப்பத்தைத் தீர்த்தார் என்பது தமிழுலகம் அறிந்தது. ஒட்டிக்கிடந்த இரண்டு குறிகளுக்கிடையே அவர் தொலைவை உண்டாக்கினார் என இன்றைய கணிதத்தார் சொல்லக்கூடும். யாப்பும் ஒருவகைக் காவலே. எதுகையும் தளையும் அழகுக்கு மட்டும் வந்தவை என்று கொள்ளலாகாது. பூச்சி அரித்த ஓரெழுத்தின் இடத்தில் எது வரலாம், எது வரலாகாது என்று அவை சாட்சி சொல்லும். ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதியில் ஏடு மாறினால் உடனே பிடிபட்டுவிடும்.

இதுவரை எல்லாம் இனிதாகவே இருக்கிறது. இனித்தான் நம் கேள்வி வருகிறது. அதே ஏழிலக்கச் செய்தியில் மூன்றாம் இடமும் ஐந்தாம் இடமும் சேர்ந்து கெட்டால் என்ன ஆகும்? முதற்காவலர் கண்காணிக்கும் இடங்களில் இரண்டு பிழைகள். இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிட, அவர் குறையொன்றும் காணமாட்டார். இரண்டாமவரும் நான்காம் இடத்தவரும் முறையிடுவர். இரண்டும் நான்கும் ஆறு. இயந்திரம் சற்றும் தயங்காது, குற்றமற்ற ஆறாம் இலக்கத்தை மாற்றிவிடும். இப்போது பிழைகள் மூன்று; காவலர் மூவரும் நிறைவோடு இருப்பர். வெளியே வரும் சொல் இலக்கணப்படி முற்றிலும் சரியானது. ஆனால் அனுப்பியவர் சொன்னதன்று. திருத்தப்படாமல் விட்டிருந்தால் அது சிதைந்தது என்றாவது தெரிந்திருக்கும். திருத்திய கை அந்தத் தடயத்தையும் துடைத்துவிட்டது.

இதற்கு மாற்று உண்டு. எட்டாவதாக இன்னுமோர் இலக்கம் சேர்த்தால், ஒரு பிழை வந்தால் திருத்தலாம். இரண்டு வந்தால், 'இங்குப் பிழை உண்டு, எதுவென்று அறியேன்' என்று சொல்லிவிடலாம். கணினிகளின் நினைவகங்களைக் காக்கப் பெரிதும் பயன்படுவது இவ்வகையே. அந்த எட்டாம் இலக்கம் கூடுதலாக எதையும் திருத்துவதில்லை. அறியாமையை ஒப்புக்கொள்ளும் ஆற்றலை மட்டுமே தருகிறது. அதற்கொரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கம் ஒரு காவலர்தான். டச்சுக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறைப்படி, ஓரிலக்கம் தவறினாலோ அடுத்தடுத்த ஈரிலக்கங்கள் இடம் மாறினாலோ அது காட்டிக்கொடுக்கும். ஆனால் அது திருத்துவதில்லை, திருத்தவும் கூடாது. மிக அருகில் உள்ள செல்லத்தக்க எண், இன்னொரு மனிதருடையதாக இருக்கலாம் அன்றோ? அவ்வாறு திருத்தினால் ஒருவருடைய அரிசி மற்றொருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

எண்ணுக்குக் காட்டப்படும் இந்த மரியாதை பெயருக்குக் கிடைப்பதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தறிக்கும் ஆலைக்கும் வந்துள்ள இளைஞர் தம் பெயரைச் சொல்லும்போது, எழுதுபவர் தமக்குத் தெரிந்த பெயர்களுள் மிக அருகில் உள்ள ஒன்றை எழுதிவிடுகிறார். தீய எண்ணம் ஏதுமில்லை. அவர் கேட்டதைத் தம்மிடமுள்ள சொற்களில் ஒன்றாக்கிவிட்டார், அவ்வளவே. ஈராண்டு கழித்து வங்கியிலோ மருத்துவமனையிலோ அந்த இளைஞர் தாம் தாமே என்று நிறுவ அலைய வேண்டியிருக்கிறது. நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டினாலும் இது விளங்கும். தந்தை சூசை, மகனின் கடவுச்சீட்டிலோ தந்தை பெயர் சோசப்பு. ராயப்பன் பீட்டராகியிருப்பார், சின்னப்பன் பாலாகியிருப்பார். ஒன்றாக்கித் தாருங்கள் என்று கேட்டு வருவோர் உண்டு. மூலப் பதிவை அழிக்காமல் ஓரத்தில் குறிப்பு இடுவதே முறை. சலிப்பூட்டும் முறைதான், ஆயினும் பின்னால் வருபவர் முதலில் என்ன எழுதப்பட்டிருந்தது என்று காண முடிகிறது.

மனிதர் மனிதரைத் திருத்துவதிலும் இதே இடர் இருக்கிறது. சகோதரத் திருத்தம் அன்பின் செயல் என்றே புனித தோமா அக்குவினார் கற்பித்தார். அதைச் செய்யாமல் விடுவது குற்றமாகவும் கூடும் என்றார். அதே இடத்தில், திருத்தம் ஒருவரை மேலும் கெடுக்கும் என்று தெரிந்தால் அதைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டையும் ஒருங்கே பிடித்துக்கொள்வது எளிதன்று. எதையும் திருத்தேன் என்று ஒதுங்குபவர், நூலுக்கு நூல் நின்றுபோகும் தறியைப் போன்றவர். அவரால் வீடும் நடவாது, பள்ளியும் நடவாது. சிறு தவற்றைச் சொல்லாமலே சரிசெய்துவிட்டுப் போவது பல வேளைகளில் பெருந்தன்மை. நம் அச்சமெல்லாம் கையில் மூன்றே நான்கு அச்சுகளை வைத்துக்கொண்டு, பேசாத மகனைத் திமிர் பிடித்தவன் என்றும், அழும் மருமகளை நடிக்கிறாள் என்றும் உடனே படித்துவிடும் நல்லோரைப் பற்றியது. மிக அருகில் இருப்பது எது என்று முடிவு செய்கையில், நம்மிடம் உள்ள சொற்கள் எத்தனை என்று அவர்கள் கேட்பதில்லை. எதிரே இருப்பவர் உயிரோடு இருக்கிறார். மீண்டுமொருமுறை சொல் என்று கேட்க இரண்டு நிமிடம் போதும்.

கேட்க முடியாத இடங்களும் உண்டு என்பது உண்மையே. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 கலத்திலிருந்து ஒரு சொல் நம்மை வந்தடைய 22 மணி நேரத்துக்கு மேலாகிறது. அங்கே கூடுதல் காவலரோடு அனுப்புவதைத் தவிர வழியில்லை. இறந்துபோன புலவரிடமும் கேட்க இயலாது. 1880-இல் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டபின் சீவக சிந்தாமணியில் இறங்கிய உ.வே. சாமிநாதையர், ஊர் ஊராக ஏடு தேடியதும், சமண நூலென்பதால் குடந்தைச் சமணர்களிடம் போய்ப் பொருள் கேட்டதும் இதனால்தான். தம்மிடமுள்ள சொற்களைப் பெருக்கிக்கொண்ட பின்னரே அவர் குறிநீக்கத் தொடங்கினார். அந்நூல் 1887-இல் வந்தது. திருநூல் பிரதிகளை ஆய்வோர் கைக்கொள்ளும் விதியொன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது: இரு பாடங்கள் மாறுபட்டால், கடினமானதே பெரும்பாலும் மூலம். ஏனெனில் படியெடுப்பவர் தமக்கு விளங்காததை விளங்குவதாக மாற்றுவாரேயன்றி, விளங்குவதைக் கடினமாக்க மாட்டார். திருத்துவதற்கு முன் பிழை எவ்வழியில் வரும் என்று அறிந்திருக்க வேண்டும். அவ்வழிகளுள் ஒன்று திருத்துபவரின் நல்லெண்ணம்.

ஐயர் வேறுபட்ட பாடங்களை அடிக்குறிப்பில் தந்தார். 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அவருக்குக் கிடைத்த ஏடுகளில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் இல்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. அகவல் ஓசையில் தோய்ந்த அவருக்கு அந்த இடைவெளிகளை ஒருவரும் ஐயுறாதபடி நிரப்புவது அரிதாக இருந்திராது. சிதைந்த இடங்களில் புள்ளிகள் இடப்பட்டன. அந்த இரண்டு எண்களும் இன்றைய பதிப்புகளிலும் பாட்டின்றியே நிற்கின்றன.