கண்டு மகிழ்பவர் கடன்

அழகு யாவர்க்கும் பொது என்பது பழகிய சொல். நிலவைக் காண ஒருவரும் காசு கொடுப்பதில்லை. பறவையின் குரலைக் கேட்க எவரும் சீட்டு வாங்குவதில்லை. ஆதலின், இயற்கையைக் கண்டு மகிழ்பவன் எவர்க்கும் கடன்பட்டவன் அல்லன் என்று எண்ணிவிடுகிறோம். நிலவைப் பற்றிய மட்டில் இவ்வெண்ணம் பொருந்தலாம். ஆனால், ஒருவன் கண்ணுக்கு இன்பம் தரும் பொருள் மற்றொருவன் வயலில் கிடக்குமாயின், அவ்வின்பத்தின் விலையை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் யார்? கண்டு மகிழ்பவர் அவருக்குச் செய்ய வேண்டுவது ஏதும் உண்டா? இதனை ஓர் எடுத்துக்காட்டினால் ஆராய்வோம்.

வட அமெரிக்காவின் நடுவே பிரெய்ரி என்னும் பெரும் புல்வெளி நாடு உளது. கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிட்டோபா மாகாணங்கள் தொடங்கி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் டக்கோட்டா மாநிலங்களையும் மின்னசோட்டாவையும் தழுவி, அயோவா வரை அதன் வடபகுதி குட்டைகளால் நிறைந்தது. பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்நிலத்தை மூடியிருந்த பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கின. மண்ணில் புதைந்து நின்ற பனிக்கட்டிகள் கரைந்த இடங்கள் பள்ளங்களாயின. இன்றும் இளவேனிலில் உருகும் பனிநீர் அப்பள்ளங்களில் தேங்கிப் பல இலட்சம் குட்டைகளாகிறது. வட அமெரிக்காவின் வாத்துகளுள் பாதிக்கு மேற்பட்டவை அங்கேதான் பிறக்கின்றன.

மே மாத இறுதியில், வட டக்கோட்டாவின் பிஸ்மார்க் நகரிலிருந்து ஜேம்ஸ்டவுன் நோக்கி மோட்டார் வண்டியில் செல்பவர், பெருஞ்சாலையை விட்டு மண் சாலையில் சிறிது தூரம் திரும்பினால் போதும். ஒவ்வொரு மேட்டைக் கடக்குந்தோறும் ஒரு குட்டை காட்சி தரும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகுக் கிளுவையும் இணை இணையாய் மிதக்கும். சம்பங்கோரையின் உச்சியில் மஞ்சள் தலையுடைய கரும்பறவை அமர்ந்து கத்தும். சற்றுப் பெரிய ஏரியாயின், முக்குளிப்பான்கள் இரண்டு நீரினின்று நிமிர்ந்தெழுந்து, அருகருகே நீர்ப்பரப்பின்மீது ஓடும் மணக்கூத்தையும் காணலாம். மெதீனா என்னும் சிற்றூருக்கு வடக்கேயுள்ள சேஸ் ஏரியில் 1908-ஆம் ஆண்டில் எஞ்சியிருந்த வெண் கூழைக்கடாக்கள் ஏறத்தாழ 50. அவ்வாண்டு குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட் அதனைப் பறவைகளின் காப்பிடமாக்கினார். பின்னர் அங்கே அவை ஆயிரக்கணக்கில் பெருகின.

ஏரியைக் காத்தால் போதாதோ, சிறு குட்டைகளும் வேண்டுமோ என்று வினவலாம். வேண்டும். ஆழமற்ற குட்டையே இளவேனிலில் முதலில் வெதுவெதுப்படைகிறது. அதில்தான் புழுபூச்சிகள் முந்திப் பெருகுகின்றன. முட்டைக்கு உரம் தேடும் பெட்டை வாத்துக்கு அதுவே உணவுக்களம். மேலும், ஓர் இணை தன் நீரிடத்தில் வேறோர் இணையை எளிதில் அண்டவிடாது. ஆகவே ஒரு பெரிய ஏரியில் வாழும் இணைகளைவிட, அதே பரப்பைக் கொண்ட பல குட்டைகளில் மிகுதியான இணைகள் வாழ்கின்றன. கோடையில் வற்றிப்போகும் பள்ளம் பயனற்றது என்று கண்ணுக்குத் தோன்றும். வாத்தின் வாழ்வோ அதைப் பற்றியே நிற்கிறது.

இனி, உழவரின் பக்கம் நின்று பார்ப்போம். அக்குட்டைகளுள் மிகப் பல தனியார் வயல்களின் நடுவே கிடக்கின்றன. உழவு யந்திரம் ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து செல்ல வேண்டும். வளையுந்தோறும் எண்ணெயும் நேரமும் விதையும் வீணாகும். கரையோரத்தில் விதைத்தது மழைமிகுந்த ஆண்டில் அழுகும். ஒரு வாய்க்கால் வெட்டினாலோ, மண்ணுக்கடியில் குழாய் புதைத்தாலோ நீர் வடிந்துவிடும், கோதுமை விளையும். அவ்வாறு வடிக்கும்படி அரசாங்கமே ஒரு காலத்தில் ஊக்கியது. 1850-ஆம் ஆண்டுச் சட்டம் சதுப்பு நிலங்களை மாநிலங்களுக்கு அளித்து, அவற்றை விற்ற பணத்தால் திருத்தச் சொன்னது. விளைவு என்ன? இரு நூற்றாண்டுகளில் அயோவா தன் நீர்நிலங்களில் பத்தில் ஒன்பது பங்கை ஏறத்தாழ இழந்தது. வட டக்கோட்டா ஏறக்குறைய பாதியை இழந்தது.

“வடித்த உழவன் பேராசைக்காரன்” என்று சாலையில் நின்று சொல்வது எளிது. அவன் பிள்ளைகளின் உணவும் வங்கிக் கடனும் அந்நிலத்தை நம்பியிருக்கின்றன. வடிக்காமல் விட்டவன் ஒவ்வோர் ஆண்டும் சிறிது விளைச்சலை இழக்கிறான். அவ்விழப்பின்மேல்தான் சாலையில் நிற்பவரின் இன்பம் மிதக்கிறது. பிறர் இழப்பில் விளையும் இன்பம் எத்தகையது என்பதை உழைத்து வாழும் மக்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

“நிலம் அவனுடையது, வடிப்பது அவன் உரிமை” என்பாரும் உளர். ஆனால் பறவை எவருடையது? வடக்கே பிறந்து, குளிர்காலத்தில் மெக்சிகோ வளைகுடாக் கரை வரை செல்லும் வாத்துக்கு எந்த உழவனும் உரிமையாளன் அல்லன். இதனை உணர்ந்தே 1916-இல் அமெரிக்காவும், கனடாவின் பொருட்டுப் பிரிட்டனும் வலசைப் பறவைகளைக் காக்க உடன்படிக்கை செய்தன. அன்றியும், டக்கோட்டா, லக்கோட்டா முதலிய பழங்குடியினரின் நாடாயிருந்ததை எடுத்துக்கொண்டு, 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியேறியவர்களுக்கு 160 ஏக்கராகப் பங்கிட்ட அரசே அவ்வுரிமையைத் தந்தது. ஆகவே உரிமை உண்டு; அஃது எல்லையற்றதன்று. பறவை பொதுவெனின், அதைக் காக்கும் சுமையும் பொதுவாதல் வேண்டும் என்பதே நேர்மை.

அச்சுமையில் ஒரு பங்கை முதலில் ஏற்றவர் யார்? துப்பாக்கி ஏந்திய வேட்டையாளர். பெருவறட்சியால் வாத்துகள் அருகிய 1934-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. 16 வயதும் அதற்கு மேலும் உடைய வாத்து வேட்டையாளர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஒரு வில்லை வாங்க வேண்டும். முதல் வில்லையை வரைந்தவர் அயோவாவின் கேலிச்சித்திரக்காரர் ஜே. என். டார்லிங். அன்று விலை 1 டாலர். 2015-லிருந்து 25 டாலர். 1958-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அப்பணத்தால் சிறு குட்டைகளையும் வாங்கலாயிற்று. குட்டையை வடிப்பதில்லை, நிரப்புவதில்லை, கொளுத்துவதில்லை என்று உழவர் எழுதிக்கொடுக்கும் உறுதிக்கும் பணம் தரலாயிற்று. வறட்சியில் தானே வற்றினால் அவர் அதில் பயிரிட்டுக்கொள்ளலாம். இதுவரை ஏறத்தாழ 60 இலட்சம் ஏக்கர் இவ்வில்லைப் பணத்தால் காக்கப்பட்டுள்ளது.

கொல்வதற்காகக் காப்பதும் அறமாகுமா என்று கேட்கலாம். வேட்டையை நாம் புகழவில்லை. எனினும், ஒரு செய்தி நம்மை நாணச் செய்கிறது. பறவையைச் சுடுபவன் சட்டத்தால் விலை கொடுக்கிறான். அதனை நேசிப்பதாகச் சொல்பவன் மனமிருந்தால் மட்டுமே கொடுக்கிறான். காண்பவருள்ளும் அவ்வில்லையை விரும்பி வாங்குவோர் இருக்கின்றனர், அவர்கள் போற்றத்தக்கவர். ஏனையோர், “வரி செலுத்துகிறோமே” என்பர். வரி, கண்டவரும் காணாதவரும் ஒருங்கே கொடுப்பது. காண்பதால் வரும் தனிக்கடன் அதனால் தீராது.

உழவரின் குறையும் முற்றத் தீரவில்லை. அவ்வுறுதிக்குப் பணம் தருவது ஒரு முறை, கட்டுப்பாடோ என்றென்றைக்கும். தந்தை வாங்கிய தொகை செலவாகிவிட்டது. மகனும் பேரனும் யந்திரத்தை வளைத்து ஓட்டுகின்றனர். கட்டுப்பாடு நிலைக்கத்தான் வேண்டும்; இன்றேல் குட்டை நிலையாது. ஆனால் சுமை நிலையானதாயின், அதனைத் தாங்குபவருக்கு வரும் உதவியும் நிலையாயிருத்தலே நியாயம். அவ்வுதவியைத் தர வேண்டியவருள் முதல்வர், ஆண்டுதோறும் தொலைநோக்கியுடன் அச்சாலைக்கு வருபவரே.

அன்பு என்பது கண்ணின் தொழில் மட்டுமன்று. ஒன்றை விரும்புகிறோம் எனின், அது நிலைத்திருக்க யார் எதை இழக்கிறார் என்று கேட்டறிந்து, அவ்விழப்பில் நம் பங்கை ஏற்க வேண்டும். கேளாமலே மகிழ்பவன் பறவையை விரும்பவில்லை. தன் மகிழ்ச்சியை விரும்புகிறான். குட்டைக் கரையில் வண்டியை நிறுத்துபவர் பறவைகளை எண்ணட்டும். எண்ணி முடித்தபின், அவ்வயலில் வளைந்து சென்ற உழவுச் சாலையும் அவர் கண்ணில் படுவதாக.