வாசித்து முடித்த பின்

(பொதுக்காலம் 3ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு)



பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாகக் கொண்டாடும்படி திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் அறிவித்தார். நம் வீடுகளில் விவிலியத்துக்கு என்றுமே மரியாதை உண்டு. சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்போம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தலைமாட்டில் வைப்போம். நல்ல பழக்கம்தான். ஆனால் அதை எதற்காக வாசிக்கிறோம்? இன்றைய முதல் வாசகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது.

பாபிலோனிலிருந்து திரும்பி வந்த மக்கள் எருசலேமின் மதிலை 52 நாள்களில் கட்டி முடித்திருந்தார்கள். அடுத்த மாதம் பிறந்ததும் தண்ணீர் வாயிலுக்கு எதிரே கூடுகிறார்கள். திருச்சட்ட நூலைக் கொண்டுவரும்படி குருவாகிய எஸ்ராவைக் கேட்டவர்களே அந்த மக்கள்தான். காலைமுதல் நண்பகல்வரை அவர் வாசிக்கிறார், லேவியர் விளக்குகிறார்கள். கேட்டவர்களுக்கு அழுகை வந்துவிடுகிறது.

அத்தோடு கலைந்திருந்தால் அது உருக்கமான ஒரு வழிபாடாக முடிந்திருக்கும். ஆனால் தலைவர்கள், அழ வேண்டாம், போய் நன்றாகச் சாப்பிடுங்கள், வீட்டில் ஒன்றும் இல்லாதவர்களுக்கும் ஒரு பங்கு அனுப்புங்கள் என்கிறார்கள். அந்த ஊரின் நிலைமையை நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. பஞ்சத்தில் நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள், பெற்ற பிள்ளைகளையே அடிமைகளாக விட்டவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களிடம் வட்டி வாங்கியவர்களும் சொந்த இனத்தாரே. அப்படிப்பட்ட ஊரில்தான், காலையில் வாசித்த திருநூல் அன்றைக்கே இல்லாதவர்களின் வீட்டுக்குச் சோறாகப் போகிறது. மறுநாள் குடும்பத் தலைவர்கள் மீண்டும் எஸ்ராவிடம் வருகிறார்கள். கூடாரத் திருவிழாவைப் பற்றிய கட்டளை கண்ணில் படுகிறது. உடனே மக்கள் மலைக்குப் போய்க் கிளைகளைக் கொண்டுவந்து, மாடியிலும் முற்றத்திலும் கூடாரம் அமைக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி மத்தேயு நற்செய்தியில் உண்டு. மெசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்டபோது மறைநூல் அறிஞர்கள் தடுமாறவில்லை. இறைவாக்கைக் காட்டி, பெத்லகேம் என்று சரியாகச் சொன்னார்கள். எருசலேமிலிருந்து சில மணி நேர நடைதான். ஆனால் அவர்களில் ஒருவராவது போனதாக மத்தேயு எழுதவில்லை. போய்ப் பார்த்து வணங்கியவர்கள் தொலைதூரத்திலிருந்து வந்த ஞானிகள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இன்றைய நற்செய்தியில் இயேசு நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எசாயாவின் ஏட்டை வாசிக்கிறார். ஏழைகளையும் சிறைப்பட்டோரையும் ஒடுக்கப்பட்டோரையும் பற்றிய பகுதி அது. வாசித்துவிட்டு, அது இன்றே நிறைவேறிற்று என்கிறார். விவிலியம் முழுவதும் நம்மைக் கூட்டிச் செல்வது அவரிடம்தான். அவரிடம் போகிறவர், அவர் யார் பக்கம் நின்றாரோ அவர்கள் பக்கம் நின்றாக வேண்டும். விவிலியம் வாசிப்பதன் நோக்கம் இதுவே.

ஆகவே இந்த வாரம் குடும்பச் செபத்தில் மறுநாளைய நற்செய்தியைப் பிள்ளைகளில் ஒருவர் வாசிக்கட்டும். சற்று நேரம் அமைதியாக இருங்கள். பிறகு, "இதில் எதை நாளைக்குச் செய்யப்போகிறோம்?" என்று ஒருவரையொருவர் கேளுங்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணனுக்கு ஒரு போன், வேலைக்கு வருபவருக்குத் தர வேண்டிய கூலிப் பாக்கி, படுக்கையில் கிடக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு வேளைச் சாப்பாடு என்று ஏதாவது ஒன்று தென்படும். அன்பியக் கூட்டத்திலும் கலைந்துபோகும் முன் இதே கேள்வியைக் கேளுங்கள்.

எல்லாம் புரிந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். மன்னிப்பைப் பற்றி இயேசு சொன்னதன் பாரம், மன்னிக்க முயன்று பார்த்தவருக்குத்தான் தெரியும். வாசித்ததில் ஒன்றைச் செய்துவிட்டு அடுத்த ஞாயிறு வாருங்கள். அன்றைய வாசகம் உங்கள் காதில் வேறு மாதிரி விழும்.

அதற்கான அருளை இத்திருப்பலியில் கேட்போம். ஆமென்.