வில் நழுவிய கை

குருக்ஷேத்திரக் களத்தில் அர்ஜுனனுக்கு நேர்ந்த மனக்கலக்கத்தைப் பகவத் கீதையின் முதல் அத்தியாயம் ஒரு மருத்துவர் குறித்து வைப்பதைப்போல் நுட்பமாக விவரிக்கிறது. அவனுடைய கால்கள் தளர்கின்றன. நா வறண்டு போகிறது. உடல் நடுங்குகிறது. காண்டீவம் பிடியிலிருந்து நழுவுகிறது. அர்ஜுனன் கோழை அல்லன். பயிற்சியில் குறைந்தவனும் அல்லன். வில்வித்தையில் அவனுக்கு நிகரானவர்கள் அந்தக் களத்தில் மிகச் சிலரே. அத்தகைய வீரனின் கையே, மனம் நிலைகுலைந்த வேளையில், வாழ்நாளெல்லாம் பழகிய வில்லைப் பிடிக்க இயலாமல் போயிற்று.

இந்நிலை பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2021 ஜூலையில் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் குழுப் போட்டியில் ஒரே ஒரு தாண்டலுக்குப் பிறகு விலகிக்கொண்டார். அந்தரத்தில் சுழலும்போது தம் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வே அவருக்குத் தவறிவிட்டது. தலைகீழாகச் சுழன்று தரையில் இறங்கும் விளையாட்டில் அந்த உணர்வு தவறினால் உயிருக்கே ஆபத்து. ஆயினும் அவர் பொறுப்பிலிருந்து ஓடிவிட்டதாக அன்று பழித்தவர்கள் உண்டு. அவர் தமது நிலையை மறைக்காமல் சொன்னார், உதவியை நாடினார், ஓய்வு கொண்டார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார்.

நன்கு பழகிய செயல் ஏன் தடுமாறுகிறது? ஆண்டுக்கணக்கான பயிற்சியால் ஒரு செயல் உடலின் இயல்பாகிவிடுகிறது. அதைச் செய்ய எண்ணம் தேவைப்படுவதில்லை. ஆனால் 'தோற்றுவிட்டால் என்ன ஆகும்?' என்ற அச்சம் எழுந்தவுடன் மனம் ஒவ்வோர் அசைவையும் கண்காணிக்கத் தொடங்குகிறது. மாடிப்படியில் இயல்பாக இறங்குபவர் ஒவ்வோர் அடியையும் எண்ணிப் பார்த்தால் கால் இடறுவதைப் போன்றது இது. நாடித் துடிப்பு மிகுகிறது, மூச்சு மேலெழுகிறது, தசைகள் இறுகுகின்றன. அச்சம் மனத்தில் பிறந்தாலும் அதன் விளைவை உடலே ஏற்கிறது.

சாரதி செய்தது என்ன?

கலங்கிய அர்ஜுனனுக்குப் பகவான் என்ன செய்தார் என்பது நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியதாகும். முதலில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அர்ஜுனன் தன் துயரத்தைக் கொட்டித் தீர்த்து, வில்லையும் அம்பையும் எறிந்துவிட்டுத் தேர்த்தட்டில் அமரும்வரை அவர் குறுக்கிடவில்லை. பின்னர் இந்தத் தளர்ச்சி உனக்குத் தகாது என்று கடிந்து உரைத்தார். அதைக் கேட்டு அர்ஜுனன் உடனே எழுந்துவிட்டானா? இல்லை. தனக்கு வழி தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தன்னைச் சீடனாக ஏற்குமாறு வேண்டினான். அதன் பிறகும் போரிட மாட்டேன் என்று சொல்லி மௌனமானான். அவனை எழுப்ப முழுக் கீதையும் தேவைப்பட்டது. பொறுமையான கேள்வியும் பதிலும் தேவைப்பட்டன.

'தைரியமாக இரு', 'அழாதே', 'மற்றவர்களைப் பார்' என்று மைதானத்தின் ஓரத்தில் நின்று அதட்டும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் இதைச் சிந்திக்க வேண்டும். கடிந்து சொல்லும் ஒரு சொல் பகவானின் வாயிலிருந்து வந்தபோதும் அது தொடக்கமாக மட்டுமே இருந்தது. மேலும், பகவான் வில்லைத் தம் கையில் வாங்கிக்கொள்ளவில்லை. குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்தபடி, அவன் தானே தெளிந்து எழும்வரை உடன் இருந்தார். இன்றைய விளையாட்டு உளவியலாளரின் பணியும் சாரதியின் பணியே. 2024 டிசம்பரில், தமது 18-ஆம் வயதில் உலகச் சதுரங்கப் பட்டத்தை வென்ற சென்னை இளைஞர் குகேஷ், அந்தப் போட்டிக்குத் தயாரானபோது பாடி அப்டன் என்ற மனப்பயிற்சியாளரின் துணையைப் பெற்றிருந்தார். முதல் ஆட்டத்திலேயே தோற்றவர் அவர். காய்களை நகர்த்தியது குகேஷின் கையே. ஆனால் மனத்தின் கடிவாளத்தைப் பிடிக்கக் கற்பதற்கு ஒரு துணை இருந்தது.

வெற்றியும் கலக்கும்

தோல்வி மனிதனை உடைக்கும் என்பதை எல்லோரும் அறிவர். வெற்றியும் உடைக்கும் என்பதைச் சிலரே அறிவர். அபினவ் பிந்த்ரா 2004-இல் ஏதென்ஸில் இறுதிச் சுற்றுவரை வந்து ஏழாம் இடத்தையே பெற்றார். 2008-இல் பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் வென்று, ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் பெற்ற முதல் இந்தியரானார். நாடே மகிழ்ந்தது. ஆனால் வாழ்க்கையின் ஒரே குறிக்கோள் கைகூடிய பிறகு தம்மைப் பெரும் வெறுமை சூழ்ந்ததை அவரே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். 23 ஒலிம்பிக் தங்கங்களை வென்ற நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸும் ஒலிம்பிக் போட்டிகளுக்குப் பின் தம்மைப் பற்றிய மனச்சோர்வைக் குறித்துப் பேசியிருக்கிறார்.

இதன் காரணம் என்ன? 'நான் யார்?' என்ற கேள்விக்குப் பதக்கமே விடையாக அமைந்துவிட்டால், பதக்கம் கிடைக்காதபோது 'நான்' அழிந்ததாகத் தோன்றும். கிடைத்துவிட்டபோதோ 'நான்' இனி எதற்கு என்று தோன்றும். இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். ஆகவேதான் கீதை வெற்றியிலும் தோல்வியிலும் சமநிலையை யோகம் என்கிறது. திருவள்ளுவரும் 'இடுக்கண் அழியாமை' என்ற அதிகாரத்தில், துன்பத்தைப் பற்றிப் பேசும் இடத்திலேயே இன்பத்தைப் பற்றியும் எச்சரிக்கிறார். இன்பம் வந்தபோது அதில் மயங்காதவனே துன்பம் வந்தபோது கலங்காதவன் என்பது அவரது கருத்து.

சமநிலை என்பது அக்கறையின்மை என்று சிலர் கருதுகின்றனர். அது தவறு. துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கருக்கு டோக்கியோவில் போட்டியின் நடுவே துப்பாக்கி பழுதாயிற்று. இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற இயலவில்லை. 2024-இல் பாரிஸில் அவர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். முதல் பதக்கத்திற்குப் பிறகு பேசியபோது, தாம் கீதையைப் படித்து வந்ததையும், பலனை எண்ணாமல் செயலில் கருத்தைச் செலுத்தியதையும் நினைவுகூர்ந்தார். அவர் இலக்கை மறக்கவில்லை. இலக்கை நோக்கியவாறே, தம் கையில் உள்ளவற்றில் மட்டும் மனத்தை வைத்தார். மூச்சு நம் கையில் உள்ளது. நிற்கும் நிலை நம் கையில் உள்ளது. விசையை அழுத்தும் விரல் நம் கையில் உள்ளது. பதக்கப் பட்டியல் நம் கையில் இல்லை.

நரம்பு அறுந்துவிடாமல்

பதக்கத்தை நாடாமல், உடல்நலத்துக்காகப் பயிற்சி செய்யும் அன்பர்களுக்கும் இது பொருந்தும். ஒருநாள் நடைப்பயிற்சி தவறினால் குற்ற உணர்வு, காய்ச்சலிலும் ஓட்டம், உறக்கத்தைக் குறைத்து உடற்பயிற்சிக் கூடம், இன்னொருவரின் உடலைக் கண்டு தன் உடல்மீது வெறுப்பு. இவை தவம் ஆகா. கடுந்தவத்தால் கால்களில் குருதி கசிய நடந்த சோணர் என்ற துறவிக்கு, வீணையின் நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை பிறக்காது என்று புத்தர் பெருமான் உணர்த்தினார். உணவிலும் உறக்கத்திலும் உழைப்பிலும் அளவறிந்தவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்கும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயமும் கூறுகிறது.

நம் இல்லத்தில் விளையாடும் பிள்ளை ஒன்று இருந்தால், போட்டி முடிந்து திரும்பியதும் நாம் முதலில் கேட்கும் கேள்வி எது? 'ஜெயித்தாயா?' என்பதானால், நம் அன்பும் வெற்றிக்குக் கட்டுப்பட்டது என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. 'சாப்பிட்டாயா? எப்படி விளையாடினாய்?' என்று கேட்போம். சொல்வதை இறுதிவரை கேட்போம். உறக்கமின்மை, காரணமற்ற எரிச்சல், விருப்பமான விளையாட்டிலேயே வெறுப்பு, வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு ஆகியவற்றைக் கண்டால் 'சரியாகிவிடும்' என்று தள்ளிப்போடாமல் மருத்துவரையோ உளவியலாளரையோ நாடுவோம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். ஜபமும் பிரார்த்தனையும் மருத்துவத்துக்கு எதிரானவை அல்ல. காலில் எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டே இறைவனை வேண்டுகிறோம். மனம் முறியும்போதும் அதுவே முறை.

சீடனாக ஏற்பாய் என்று வேண்டியதால் அர்ஜுனனின் வீரம் குறைந்துவிடவில்லை. அவன் கேட்ட அந்த உதவியாலேயே உலகுக்குக் கீதை கிடைத்தது. களத்தில் நடுங்கி நிற்கும் ஒவ்வோர் இளைஞனுக்கும் இளைஞிக்கும் ஒரு நல்ல சாரதி வாய்க்கட்டும்; பிறருடைய தேரில் சாரதியாக அமரும் பொறுமையை இறைவன் நமக்கும் அருளட்டும்.