நோயை அறிந்தவர் யார்? மருத்துவரா, நோயாளியா?

 

 

அல்லாஹ்வை அஞ்சி வாழும்படி முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் உபதேசித்துக் கொள்கிறேன்.

ஒரு நோயைப் பற்றி மருத்துவர் ஒன்று சொல்கிறார். அதே நோயைச் சுமப்பவர் வேறொன்று சொல்கிறார். "எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது" என்கிறார் அவர். "என்னால் எழுந்து நிற்க முடியவில்லை" என்கிறார் இவர். இதில் யார் சொல்வது உண்மை? வீட்டில் நோயாளி இருக்கும் ஒவ்வொருவருக்கும் இது மார்க்கம் சம்பந்தப்பட்ட கேள்வி. உண்மை சொல்லும் ஒருவரைப் பொய்யர் என்று நினைப்பது அநியாயம். அந்த அநியாயம் நம் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம்.

நாடி பிடிபடாத நோய்

தகயாசு என்றொரு அபூர்வ நோய் இருக்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலும் அதன் கிளைகளிலும் அழற்சி ஏற்பட்டு, குழாயின் சுவர் தடித்து, இரத்தம் போகும் பாதை குறுகிவிடும். பெரும்பாலும் 40 வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கே வருகிறது. நம் ஆசிய நாடுகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. சிலருக்கு மணிக்கட்டில் நாடியே பிடிபடாது.

1908-இல் ஜப்பானின் கண் மருத்துவர் மிகிடோ தகயாசு, ஓர் இளம்பெண்ணின் கண்ணுக்குள் இரத்தக் குழாய்கள் விசித்திரமாகப் பின்னியிருப்பதை மருத்துவர் கூட்டத்தில் விவரித்தார். அதே கூட்டத்தில் வேறு இரு மருத்துவர்கள், தாங்கள் பார்த்த இத்தகைய நோயாளிகளுக்குக் கையில் நாடி இல்லை என்றார்கள். ஒருவர் கண்ணைப் பார்த்தார், மற்றவர்கள் கையைப் பார்த்தார்கள். கற்றறிந்த மருத்துவர்களுக்குள்ளேயே ஒருவர் கண்டதை மற்றவர் சொல்லித்தான் நோய் முழுதாகத் தெரிந்தது. அப்படியிருக்க, நோயைச் சுமப்பவரின் சொல்லை எப்படி ஒதுக்க முடியும்?

இந்த நோயின் தீவிரத்தை அளக்க நம் இந்திய மருத்துவர்களே ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களுக்கும் அதில் பங்குண்டு. நாடி, இரத்த அழுத்தம், இரத்தக் குழாயில் கேட்கும் ஓசை போன்றவற்றுக்கே அதில் அதிக இடம். கடந்த 3 மாதங்களில் புதிதாக வந்ததற்கும் அதிகமானதற்கும் மட்டுமே மதிப்பெண். அதற்கு நியாயமான காரணம் உண்டு. மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். பழைய தழும்பு மருந்தைக் கூட்டினாலும் ஆறாது.

ஆனால் நோயாளியின் பக்கம் நின்று பாருங்கள். கடலாடிப் பக்கத்தில் ஒரு பெண் தண்ணீர்க் குடங்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறாள் என்று வையுங்கள். இறக்கி வைக்கும்போது கை மரத்து, வலித்து, சோர்ந்து விழுகிறது. இரண்டு வருடமாக அப்படித்தான். மதிப்பெண் தாளில் அதற்குப் பூஜ்ஜியம். அவளுக்கோ அது தினமும் இரண்டு வேளை வேதனை. இத்தகைய இரத்தக்குழாய் அழற்சி நோயாளிகளிடம் எது உங்களை அதிகம் வாட்டுகிறது என்று வெளிநாடுகளில் கேட்டபோது, முன்வரிசையில் வந்தது அசதி. அசதியைக் காட்டும் ஸ்கேன் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் வீங்குகிறது. மருத்துவருக்கு அது பக்கவிளைவு. வரன் பார்க்க வருகிறவர்கள் முன் உட்காரும் பெண்ணுக்கு அதுவே பெரிய நோய்.

நபியவர்கள் கேட்ட விதம்

புகாரியில் பதிவான ஒரு சம்பவத்தை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். தனக்கு வலிப்பு வருவதையும், அப்போது ஆடை விலகிவிடுவதையும் சொல்லி துஆ கேட்டார். பொறுமையாக இருந்தால் சொர்க்கம், விரும்பினால் குணமடைய துஆ என இரண்டையும் அவரிடமே விட்டார்கள் நபியவர்கள். பொறுத்துக்கொள்கிறேன் என்றார் அந்தப் பெண்மணி. ஆனால் ஆடை மட்டும் விலகக் கூடாது, அதற்கு துஆ செய்யுங்கள் என்றார். நபியவர்கள் அப்படியே துஆ செய்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு நோய் வலிப்பு. அவருக்கோ மானம் போவதே தாங்க முடியாத வேதனை. அதை அவர் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். "வலிப்பை விட்டுவிட்டு ஆடையைப் பற்றிக் கவலைப்படுகிறாயே" என்று நபியவர்கள் சொல்லவில்லை. அவர் எதைக் கேட்டாரோ அதற்கே துஆ செய்தார்கள்.

இதைக் காட்டி மருந்தை விட்டுவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியதும் அதே நபியவர்கள்தாம். அந்தப் பெண்மணிக்குச் சொர்க்கத்தின் நற்செய்தி நபியின் வாயால் கிடைத்தது. நமக்கு அப்படி யாரும் சொல்லவில்லை.

இரண்டு சாட்சிகள்

நோயாளியின் சாட்சி மட்டும் போதுமா? போதாது. தகயாசு நோயில் உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும்போதே உள்ளே குழாய் குறுகிக்கொண்டிருக்கலாம். "எனக்கு நன்றாகிவிட்டது" என்று ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. நோயாளி உணராததை மருத்துவர் காண்கிறார், மருத்துவர் காணாததை நோயாளி உணர்கிறார்.

நம் ஃபிக்ஹு சட்ட நூல்கள் இதை அழகாகக் கையாளுகின்றன. நோயாளி நோன்பை விடலாமா என்ற இடத்தில், தீங்கு வரும் என்பதை அறிய இரண்டு வழிகளைச் சொல்கின்றன. ஒன்று நோயாளியின் சொந்த அனுபவம், மற்றொன்று திறமையும் நம்பகமும் உள்ள மருத்துவரின் சொல். இரண்டையும் அருகருகே வைத்தார்கள் நம் இமாம்கள். ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

நோயாளிகளே! சொல்லுங்கள். வலியைச் சொல்வது பொறுமைக்கு மாறானது அல்ல. அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அல்லாஹ் அவர்களைப் பொறுமையாளர் என்றே புகழ்ந்தான். ஆயிஷா (ரலி) தலைவலியைச் சொன்னபோது நபியவர்கள் கண்டிக்கவில்லை, தமக்கும் தலை வலிப்பதைத்தான் சொன்னார்கள். குறிப்பாக, குழந்தை வேண்டும் என்ற ஆசையை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இந்த நோய்க்குக் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து வயிற்றிலுள்ள கருவைப் பாதிக்கும். மாமியார் பக்கத்தில் இருக்க வெட்கமாக இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். ரமலானுக்கு முன்பே மாத்திரை நேரத்தையும் கேட்டுவிடுங்கள்.

குடும்பத்தாரே! நம்புங்கள். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்பதால் மருமகள் சோம்பேறி என்று ஆகிவிடாது. வெளிநாட்டில் இருக்கும் கணவர்மார்களே, போனில் "டாக்டர் என்ன சொன்னார்" என்று கேட்பதோடு "உனக்கு எப்படி இருக்கிறது" என்றும் கேளுங்கள்.

இதைப் படிக்கும் மருத்துவர்களே, செவிலியர்களே! 2022 முதல் நம் இராமநாதபுரத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே படித்து வெளிவருவார்கள். கூட்டம் நெருக்கும் வரிசையிலும் ஒரு கேள்விக்கு நேரம் இருக்கிறது. "உங்களுக்கு இதில் எது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது?" அந்தப் பெண்மணி ஆடையைச் சொன்னது போல, நீங்கள் எதிர்பாராத ஒன்றைச் சொல்வார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! மருத்துவர்களுக்குக் கூர்மையான பார்வையையும் கேட்கும் செவியையும் தருவாயாக! துன்பப்படுபவரின் சொல்லை நம்பும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.