கண்டனமா, கவர்ச்சியா?

வன்முறையைக் கண்டிக்கப் புகுந்த படமே அதற்கு அழகு சேர்த்துவிடுமா? சேர்த்துவிடும் என்பதே நம் கருத்து.

2016-இல் வெளிவந்த ‘கபாலி’யை எடுத்துக்கொள்வோம். அது போதைப்பொருட் கும்பலைக் கண்டித்தது. வழிதவறிய இளைஞரைத் திருத்தும் பள்ளியையும் காட்டிற்று. மலேசியத் திரைகளில், கபாலி போலீசாரிடம் சரணடைந்தான் என்ற வாசகமும் இறுதியில் சேர்க்கப்பட்டது. ஆயினும் என்ன பயன்? தெப்ராவிலே அதைக் கண்ட சிறுவன் நெஞ்சில் நிற்பது அவ்வாசகமா, ரஜினிகாந்தின் கோட்டும் நடையுமா? அறிவுரையைச் செவிக்கும் அழகைக் கண்ணுக்கும் அளித்தால், கண்ணே வெல்லும்.

2015-இல் வந்த ‘ஜகாட்’ படமும் குண்டர் வாழ்வைக் காட்டிற்று. ஆனால் அதற்கு மகுடம் சூட்டவில்லை. தோட்டம் இழந்த குடும்பத்தின் வறுமையையும், ஒரு சிறுவன் தடம்புரள்வதையும் காட்டிற்று.

கண்டனம் முடிவுரையில் அன்று, காட்டும் முறையிலேயே இருத்தல் வேண்டும். படம் பார்த்து வெளிவரும் பிள்ளை யாராக விரும்புகிறான்? அதுவே உரைகல்.