இருவழி வானொலியில் கேட்டலும் பேசுதலும்

வாக்கி டாக்கியில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது. பேசும் பொத்தானை அழுத்தியதும் கருவியின் கேட்கும் பகுதி ஓய்ந்துவிடும். பொத்தானை விட்டால்தான் மறுபடி ஒலி வரும். பேசுகிறவருக்கு அந்நேரம் காது இல்லை. ஒரே அலைவரிசையைப் பலர் பகிரும்போது இந்த எளிய உண்மை ஓர் அறக்கேள்வியாகிறது. தன் பேச்சால் யாருடைய பேச்சு மறைகிறது என்று பேசும்போது அறிய முடியாதவருக்கு, அந்த மறைவில் எவ்வளவு பொறுப்பு உண்டு? உரிமம் பெற்ற ஆர்வலர்கள் நடத்தும் ஹாம் வானொலிக்குப் புதிதாக வருவோருக்குச் சொல்லப்படும் நடைமுறை விதிகளில் பல, இந்தக் கேள்விக்கான விடைகளே.

பண்பலை முறையில் ஒரே அதிர்வெண்ணில் இரண்டு சமிக்ஞைகள் வந்து சேர்ந்தால், வலியது மெலியதை அடக்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய சமமானால் கீச்சொலி மட்டுமே மிஞ்சும். காரில் பொருத்திய 50 வாட் கருவியும் நடந்து போகிறவர் கையிலுள்ள 5 வாட் கருவியும் ஒன்றாக அழைத்தால், பெரும்பாலும் கார்க்காரரின் குரலே கேட்கும். அவர் குரல் தெளிவாக வந்ததாகப் பிறர் சொல்வார்கள். இன்னொருவர் அழைத்தார் என்பது அவருக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாமல் போகலாம். தீய எண்ணம் எதுவும் இல்லாமலே ஒரு குரல் அழிகிறது.

ஆகவே முதல் விதி, கேட்பது. கருவி கைக்கு வந்த சில நாட்களுக்கு உள்ளூர் அலைவரிசையைக் கேட்டு மட்டும் வந்தால், எப்படி அழைக்கிறார்கள், எப்படி விடைபெறுகிறார்கள் என்பது பிடிபடும். பழகிய பின்னும், ஒவ்வொரு முறை பொத்தானைத் தொடுவதற்கு முன் சில நொடிகள் கேட்க வேண்டும். இரைச்சலை அடைக்கும் ஸ்குவெல்ச்சை அளவுக்கு மீறி இறுக்கினால், இரைச்சலோடு மெல்லிய குரல்களும் அடைபட்டுப்போகும்; இரைச்சல் அடங்கும் புள்ளியிலேயே நிறுத்துவது முறை. திருக்குறளில் கேள்விக்கு ஓர் அதிகாரமும், பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் உண்டு. அங்கே கேள்வி என்பது கற்றோரிடம் கேட்டறிதல். வானொலியில் அதன் எல்லை விரிகிறது: யாரென்று தெரியாத, பேசுவாரா என்றுகூடத் தெரியாத ஒருவருக்காகவும் காது கொடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது பேசும் முறை. பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்தே பேச வேண்டும். இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். மைக்கை வாயிலிருந்து சில விரற்கடை தள்ளிப் பிடித்து இயல்பான குரலில் பேசினால் போதும். கத்தினால் ஒலி சிதையும். தன்னை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியை எழுத்தெழுத்தாக, தேவையானால் A-க்கு ஆல்ஃபா, B-க்கு பிராவோ என்ற முறையில் சொல்ல வேண்டும். சொல்ல வந்ததை முன்பே மனத்தில் கோத்துக்கொண்டு பேசுகிறவர் அலைவரிசையைச் சீக்கிரம் விட்டுத்தருகிறார்.

ரிப்பீட்டர் என்பது மலையிலோ உயர்ந்த கட்டடத்திலோ நின்று, ஓர் அதிர்வெண்ணில் கேட்டதை அதே கணத்தில் இன்னோர் அதிர்வெண்ணில் ஒலிபரப்பும் நிலையம். 2 மீட்டர் அலைவரிசையில் இவ்விரண்டுக்கும் இடையிலான விலகல் வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். பல ரிப்பீட்டர்கள், பேச்சோடு சேர்ந்து வரும் 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரு தாழ்ந்த தொனி இருந்தால்தான் திறக்கும். விலகலோ தொனியோ தவறினால், புதியவருக்கு எல்லோர் குரலும் கேட்கும். அவர் குரல் யாருக்கும் எட்டாது. எட்டுகிறதா என்று பார்க்கப் பொத்தானை வெறுமனே அழுத்தி விடுவது தவறு. அழைப்புக்குறியைச் சொல்லி, சோதனை என்று அறிவிக்க வேண்டும். நேரடியாகவே எட்டக்கூடிய இருவர் ரிப்பீட்டரை விட்டு வேறு அதிர்வெண்ணுக்குப் போய்விடுவது நல்லது. ரிப்பீட்டர் ஊர் ஏரியைப் போன்றது: சிலர் உழைப்பில் நிற்கிறது, பலருக்குப் பாய்கிறது, ஒருவர் மடையை அடைத்து உட்கார்ந்தால் கடைமடைக்கு நீர் போகாது.

ஒரு பேச்சு முடிந்ததும் அடுத்தவர் உடனே பொத்தானை அழுத்தாமல் ஓரிரு நொடி விட வேண்டும் என்பது, புதியவர்கள் அதிகம் மறக்கும் விதி. அந்த இடைவெளியில்தான் அவசரத்தில் இருப்பவர் நுழைய முடியும். கேட்க இடமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கடல் வானொலியில் ஒரு பழைய உதாரணம் உண்டு. 1912 ஏப்ரல் 14 இரவு, பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுவிட்டதாகக் கலிஃபோர்னியன் கப்பலின் வானொலியாளர் சிரில் எவன்ஸ் டைட்டானிக்குக்குச் செய்தி அனுப்பத் தொடங்கினார். பயணிகளின் செய்திகளைக் கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த டைட்டானிக்கின் வானொலியாளர் ஜாக் பிலிப்ஸ், அருகிலிருந்து வந்த அந்தப் பலத்த சமிக்ஞையை நிறுத்தச் சொன்னார். சிறிது நேரத்தில் எவன்ஸ் கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனார். 11.40க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. இருவரும் தங்கள் கடமையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கேட்பதற்கென்று ஒதுக்கிய நேரம் அந்த ஏற்பாட்டில் இல்லை.

பிற்காலத்தில் கடல் வானொலியில் அப்படி ஒரு நேரம் ஒதுக்கப்பட்டது. 500 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18 வரையும், 45 முதல் 48 வரையும் உள்ள நிமிடங்களில் அபாய அழைப்பைத் தவிர யாரும் எதையும் அனுப்பக் கூடாது என்ற விதி இருந்தது. எல்லோரும் கேட்க வேண்டியிருந்தது. வானொலி அறைக் கடிகாரங்களில் அந்தப் பகுதிகள் சிவப்பாகத் தீட்டப்பட்டிருந்தன. ரிப்பீட்டரில் விடும் இரண்டு நொடி, அந்த மூன்று நிமிடத்தின் சிறு வடிவம். அப்போது யாராவது ‘பிரேக்’ என்று குறுக்கிட்டால் வழிவிட வேண்டும். அபாயம் என்றால் மற்ற எல்லாப் பேச்சும் நிற்க வேண்டும். 2004 டிசம்பரில், உலக ஹாம்களோடு தொடர்புகொள்வதற்காக அந்தமானில் முகாமிட்டிருந்த ஹாம் வானொலியாளர் பாரதி பிரசாத்தின் குழுவினர், சுனாமி வந்ததும் தங்கள் கருவிகளை அவசரச் செய்திகளுக்குத் திருப்பினார்கள்.

முதலில் எழுந்த கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. அறிய வழியே இல்லாதவர் மேல் பழி சுமத்த முடியாது. ஆனால் வானொலியில் அறிய வழி உண்டு. அது பொத்தானை விடுவது. பேசும்போது காது இல்லை என்று தெரிந்தவருக்கு, பேசுவதற்கு முன்னும் பின்னும் கேட்பது கடமையாகிறது. வலிமை கூடக்கூட அந்தக் கடமையும் கூடுகிறது. தொடர்புக்குப் போதுமான குறைந்த திறனையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி அதிலிருந்தே பிறக்கிறது. பெரிய ஆன்டெனாவும் மிகுந்த வாட்டும் உடையவரே அதிக நேரம் காத்திருக்கவும் கடமைப்பட்டவர்.